படத்தில் இல்லாத சொல்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் கொளஞ்சிநாதன் என்று விசாரித்தால் பாதிப் பேருக்கு ஆள் விளங்காது. கையுறைக்காரர் என்று கேட்டால் வாசற்காவலாளியே எழுந்து வந்து வழி காட்டுவார். இத்தனைக்கும் அவர் கையுறை அணிந்து எவரும் கண்டதில்லை. அந்தப் பெயர் ஒரு சினிமாவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

அவர் பிறந்தது கம்மாபுரத்தை ஒட்டிய ஒரு சிற்றூர். சுரங்கத்துக்காக நிலம் எடுக்கப்பட்டபோது அவருடைய குடும்பம் நகரத்துக்கு வந்தது. தங்கம்மாளை மணந்துகொண்ட பிறகு, அவளுடைய அண்ணன் பழமலைநாதன் தாம் வேலை பார்த்த இடத்திலேயே தங்கையின் கணவரையும் சேர்த்துவிட்டார். மின்சார வாரியத்துக்குப் பியூஸ் கேரியர் செய்யும் சிறிய பட்டறை அது. பழமலைநாதன் சூளைக்கு நெருப்பிடுபவர். கொளஞ்சிநாதன் சூளையை அடுக்குபவர். இன்னும் சுடாத பச்சைப் பீங்கான்மீது தீ நேராகப் படாதிருக்கச் சுட்ட மண்பெட்டிகளுக்குள் அவற்றை வைத்து, பெட்டியின்மேல் பெட்டியாகக் கூரை வளைவு வரை ஏற்றவேண்டும். ஓர் அடுக்கு சாய்ந்தால் அடுத்ததையும் இழுத்துக்கொண்டு விழும். ஐம்பத்தாறு வயதிலும் கொளஞ்சிநாதன் ஏற்றிய அடுக்கு சாய்ந்ததில்லை.

இனி அந்தச் சினிமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். கடல் கடந்து வந்து தமிழ் பேசிய நான்கு பாகப் படம் அது. நாயகன் ஒரு நில அளவையாளன்; தீயில் வெந்த இடக்கையில் மட்டும் தோலுறை அணிந்திருப்பான். ஒவ்வொரு பாகத்திலும் புதையுண்ட ஏதோ ஓரிடத்துக்குள் இறங்குவான். அவனுக்குப் பின்னால் கதவு மூடிக்கொள்ளும். இளவயதில் மணிமுத்தாற்றங்கரைக் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து முதல் பாகத்தைப் பார்த்தார் கொளஞ்சிநாதன். அதன்பின் அது தொலைக்காட்சியில் பண்டிகைதோறும் வந்தது, கைபேசிக்கு வந்தது, போன தீபாவளிக்குப் புது மெருகுடன் மறுபடியும் தியேட்டருக்கே வந்தது. அவரும் மகள்களும் பேரனும் ஒரே வரிசையில் அமர்ந்து பார்த்தார்கள். அடுத்த வசனம் என்னவென்று அரங்கம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் கதவு மூடியபோது அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அப்படி என்ன இருக்கிறது அந்தப் படத்தில் என்று பெரிய மாப்பிள்ளை கேட்டதற்கு, உள்ளே போனவன் வெளியே வருகிறானே, அது போதாதா என்றார் கொளஞ்சிநாதன்.

சூளையடியில் அந்தப் படம் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வெறுஞ்சூளைக்குள் நின்று பேசினால் குரல் கூரையில் மோதி, கல்லறைக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கும். கொளஞ்சிநாதன் உள்ளே நின்று, "கதவைத் திற. உள்ளே இருப்பவன் இன்னும் சாகவில்லை" என்பார். வெளியே பழமலைநாதன் வில்லனின் தளபதியாகி, "அவசரம் எதற்கு, அளவைக்காரனே? இருட்டுக்குப் பழகிக்கொள்" என்பார். வாசல் அடைத்த பிறகும் ஆட்டம் ஓயாது. சூளையின் பின்சுவரில், உள்ளே வேக்காட்டைப் பார்ப்பதற்கென்று ஒரு துளை உண்டு. கொளஞ்சிநாதன் பின்பக்கம் போய் அந்தத் துளையில் வாயை வைத்துப் பேசுவார். முன்னால் நிற்பவர்களுக்கு மூடிய சூளைக்குள்ளிருந்தே குரல் வரும். கலவை குழைக்கும் மாரியம்மாள், "ரெண்டும் வயசான காலத்துல கூத்தாடுதுங்க" என்று சிரித்துக்கொண்டே செங்கல்லை எடுத்துக் கொடுப்பாள்.

இந்த விளையாட்டில் கசப்பு விழுந்தது மூத்த மகள் கயல்விழியின் கல்யாணத்தின்போது. தாய்மாமனை அழைப்பதற்கு ஒரு முறை உண்டு. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்து, புருஷனும் பெண்டாட்டியுமாக அவர் வீட்டு வாசற்படி ஏறி அழைக்கவேண்டும். அந்த வாரம் சூளை எரிந்துகொண்டிருந்தது. தினமும் பார்க்கிற மனிதர்தானே என்று எண்ணிய கொளஞ்சிநாதன், சூளை வாசலில் வைத்தே பத்திரிகையை நீட்டிவிட்டார். பழமலைநாதன் கரிபடிந்த கையால் அதை வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்கு வந்தார், மாலை எடுத்துக் கொடுத்தார், பந்தியில் உட்காராமல் போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் வேலை நிற்காதல்லவா? இருவருக்கும் நடுவே சூளை ஒன்று. ஒருவர் அடுக்கி முடித்ததை மற்றவரிடம் சொல்லியாகவேண்டும். அதற்கு அந்தப் படம் உதவிற்று. அடுக்கு முடிந்தால், "புதையல் தயார், தளபதி" என்பார் கொளஞ்சிநாதன். விறகு போதவில்லையென்றால், "தீவட்டிகள் அணைகின்றன" என்பார் பழமலைநாதன். இப்படியே ஆண்டுகள் போயின. மச்சான் என்றும் மாப்ள என்றும் கூப்பிட்டுக்கொண்டவர்கள் கடன் வாங்கிய வசனங்களுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். கேட்பவர்களுக்கு அது நட்பாகவே தோன்றியது.

இப்போது இளைய மகள் தென்றலுக்கு ஆவணியில் கல்யாணம். தங்கம்மாள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "எங்க அண்ணன் வூட்டுக்கு நீங்க தட்டோட வந்தாத்தான் நான் மண்டபத்துக்கு வருவேன். இல்லன்னா நீங்களே பொண்ணக் கட்டிக் குடுத்துக்குங்க." ஓங்காத குரலில் சொன்னதால் அது வெறும் மிரட்டல் இல்லை என்று கொளஞ்சிநாதனுக்குத் தெரிந்தது. போகலாம்தான். ஆனால் போனால் என்ன சொல்லித் தொடங்குவது? படியேறி நின்று வசனமா பேசமுடியும்? நாட்கள் நழுவின. பித்தளைத் தாம்பாளம் துலக்கி வைத்தபடி அலமாரியிலேயே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. ராகுகாலத்துக்கு முன் கற்பூரம் காட்டி நெருப்பு வைத்துவிட வேண்டும். அடுக்கு முடிந்து, வாசலில் செங்கல் இடுப்புயரம் எழும்பியிருந்தது. குழைத்த மண் தீர்ந்ததால் மாரியம்மாள் தொட்டிப் பக்கம் போனாள். பழமலைநாதன் அடுப்பு வாய்களில் விறகு செருகப் போனார். அந்த இடைவெளியில் கொளஞ்சிநாதனுக்கு ஓர் ஐயம் எழுந்தது. சூடு போதுமான அளவுக்கு ஏறியதும் உருகிச் சாய்கிற சிறு கூம்புகளைப் பின்துளைக்கு நேரே வைத்திருந்தார். கடைசிப் பெட்டியை ஏற்றும்போது எதுவோ தட்டிய ஓசை கேட்டதே, கூம்பு விழுந்திருந்தால்? கூம்பு தெரியாவிட்டால் வேக்காடு தெரியாது; ஒரு சூளைச் சரக்கும் பாழ். அரைச்சுவரைத் தாண்டி உள்ளே இறங்கினார். அடுக்குகளுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில்தான் நகரமுடியும். கூம்பு விழுந்துதான் கிடந்தது. குனிந்து நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பியபோது தோள் ஓர் அடுக்கில் இடித்தது. அவர் ஏற்றிய அடுக்கு முதன்முறையாகச் சாய்ந்தது. விழவில்லை; அவருடைய இடக்கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கியபடி சாய்ந்து நின்றது.

அப்போதே ஒரு குரல் கொடுத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். அவர் கொடுக்கவில்லை. தாம் ஏற்றிய அடுக்கு சாய்ந்ததை, வேறு எவரிடம் சொன்னாலும் பழமலைநாதனிடம் போய்ச் சொல்வதா? மெல்ல உருவிப் பார்த்தார். உருவ உருவ மேலே பெட்டிகள் கரகரத்தன. வாசலில் பழமலைநாதனின் கரண்டி செங்கல்லைத் தட்டும் ஓசை மறுபடி தொடங்கியது. இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று கையோடு போராடிக்கொண்டிருந்தார். வெளிச்சம் கீற்றாகச் சுருங்கி, பிறகு அதுவும் இல்லாமற் போயிற்று. பின்துளையும் மண்ணடைப்பு போட்டு மூடியிருந்தது. வலக்கையை எவ்வளவு நீட்டியும் அந்தத் துளையை எட்ட அரையடி குறைந்தது.

அப்போதுதான் கூவினார். "கதவத் தெறங்க. நான் உள்ள இருக்கேன்."

சுவருக்கு அப்பாலிருந்து பழமலைநாதனின் குரல் வழக்கம்போல் வந்தது. "இருட்டுக்குப் பழகிக்கொள், அளவைக்காரனே."

மாரியம்மாள் சிரிப்பது கேட்டது. வழக்கம்போல் பின்துளையில் நின்று கூத்தாடுவதாகவே அவர்கள் நினைக்கிறார்கள் என்பது கொளஞ்சிநாதனுக்கு உறைத்தது. "வெளையாட்டு இல்ல. நெசமாவே மாட்டிக்கிட்டேன்" என்றார். அதுவும் மூன்றாம் பாகத்தில் இருந்தது. "நீ எப்போதுமே நிஜமாகத்தான் மாட்டிக்கொள்கிறாய்" என்று சற்றும் தாமதியாமல் பதில் வந்தது. கற்பூரத்தட்டு எடுத்து வரும்படி பழமலைநாதன் சொல்ல, மாரியம்மாளின் செருப்போசை அலுவலகப் பக்கம் தேய்ந்து போயிற்று.

காப்பாற்று, மூச்சு முட்டுகிறது, நெருப்பு வைக்காதே — எதைச் சொன்னாலும் அந்தப் பாழாய்ப்போன நாயகன் முன்பே சொல்லியிருந்தான். நான்கு பாகத்திலும் அவன் மாட்டாத பொறியில்லை, கத்தாத கத்தல் இல்லை. இருட்டில் கொளஞ்சிநாதனுக்கு இன்னொன்றும் விளங்கியது. அவன் எந்தக் குகையில் அடைபட்டாலும் கொட்டகை முழுவதும் அவனோடு உள்ளே இருந்தது. அவன் மூச்சு விடுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே பார்ப்பவர் எல்லாம் வெளியே இருந்தார்கள்.

கற்பூர வாசனை அடுப்பு வாய் வழியே உள்ளே நுழைந்தது. மணி அசைந்தது. இனித் தீக்குச்சிதான்.

அந்த நாயகன் எவரையும் உறவு சொல்லி அழைத்ததில்லை. அவனுக்கு ஊர் இல்லை, பெண்டாட்டி இல்லை, பெண்டாட்டிக்கு அண்ணனும் இல்லை.

"மச்சான்" என்றார் கொளஞ்சிநாதன்.

மணி நின்றது.

"மச்சான், நாந்தான் கொளஞ்சி. கை மாட்டிக்கிச்சு மச்சான்."

செங்கல்லோடு வாயை ஒட்டி வைத்துப் பேசுவதுபோல் மிக அருகில் ஒரு குரல் கேட்டது. தளபதியின் மிடுக்கு அதில் இல்லை. "மாப்ள? எங்க இருந்து பேசுறீங்க?"

"உள்ளாற."

அடுத்து எழுந்தது கடப்பாரையின் ஓசை. பூசையிட்ட வாசலை இடிப்பது அந்தப் பேட்டையில் எவரும் செய்யத் துணியாத காரியம். அந்தச் சூளை விளங்காது என்பார்கள். பழமலைநாதன் குங்குமம் வைத்த செங்கல்லையே முதலில் பெயர்த்தார். ஈர மண் என்பதால் சுவர் எளிதாக வழிவிட்டது. உள்ளே நுழைந்து, சாய்ந்த அடுக்குக்குத் தம் முதுகைக் கொடுத்து அவர் தாங்கி நிற்க, மாரியம்மாள் மேற்பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். கை வெளியே வந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது, எலும்பு தப்பியிருந்தது.

வெளிச்சத்துக்கு வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மாரியம்மாள்தான் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "இப்படிச் சூளைக்குள்ள போட்டு மூடினாத்தான் ஒங்க ரெண்டு பேருக்கும் ஒறவு ஞாபகம் வருமா?" என்றாள். பழமலைநாதன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, நனைத்து, மைத்துனரின் மணிக்கட்டில் சுற்றிவிட்டார். "நெருப்பு வைக்கக் குச்சியக் கையில எடுத்துட்டேன் மாப்ள" என்றார். ராகுகாலம் பிறந்துவிட்டது. அன்று சூளை எரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கொளஞ்சிநாதனும் தங்கம்மாளும் தாம்பாளத்தோடு பழமலைநாதன் வீட்டுப் படியேறினார்கள். கட்டுப்போட்ட இடக்கையால் பிடிக்க முடியாததால் தட்டின் ஒரு விளிம்பைத் தங்கம்மாள் தாங்கி வந்தாள். என்ன சொல்லித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்தவருக்கு, படியேறியதும் சொல் தானாக வந்தது. "மச்சான், தென்றலுக்குக் கல்யாணம். நீங்க முன்னாடி நின்னு நடத்தணும்" என்றார். பழமலைநாதன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, இரு கைகளாலும் தட்டை வாங்கினார்.

கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாகம். கையுறை அணிந்தவன் கல்லறைக்குள் நிற்க, கற்கதவு உறுமிக்கொண்டு மூடியது. கொளஞ்சிநாதனின் முகம் மாறியதைக் கண்டு பழமலைநாதன் ரிமோட்டை எடுத்தார்.

"இருக்கட்டும் மச்சான்" என்றார் கொளஞ்சிநாதன், பாயில் உட்கார்ந்தபடி. "அவன் வெளிய வர்ற வரைக்கும் பாத்துட்டுப் போறேன்."