கேமில் வந்த ஆஸ்பத்திரி

டெக்சஸில் இருக்கும் ரவுண்ட் ராக்கில் எங்கள் தமிழ் ஜெபக்கூட்டம் வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொருவர் வீட்டில் நடக்கும். பாட்டு, வசனம், விண்ணப்பம், பிறகு சாப்பாடு. விண்ணப்பம் என்றால் அவரவர் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்வது. மற்றவர்கள் அதற்காக ஜெபிப்பார்கள். கிரீன் கார்டு, மாமியாரின் சர்க்கரை, பிள்ளையின் கணக்குப் பரீட்சை எல்லாம் அங்கே வரும். ஆனால் கூட்டத்து அக்கா ஒருத்தி சொல்வது சரிதான்: "நம்ம ஆளுங்களுக்கு வியாதின்னா அது ஸ்கேன்ல தெரியணும்."

என் கணவருடையது ஸ்கேனில் தெரியாது. பனி உறைந்த ஒரு காலையில், ஃப்ரீவேயில் இவருக்கு முன்னால் போன வேன் சறுக்கி ஒரு லாரியில் மோதியது. இவர் மேல் ஒரு கீறல் இல்லை. இறங்கி ஓடி, வேனை ஓட்டியவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை நின்றிருக்கிறார். அந்த ஆள் பிழைக்கவில்லை. அதன் பிறகு இவருக்குத் தூக்கம் போயிற்று. பிரேக் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை என்றார். கடைசியில், தான் இருந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்க ஆரம்பித்தார். டாக்டர் மனநல ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். காரில் ஏறும்போது இவர் சொன்னது ஒன்றுதான்: "யாராவது கேட்டா முதுகுன்னு சொல்லிடு."

டிஸ்க் நகர்ந்துவிட்டது என்று விண்ணப்பம் கொடுத்தேன். முறை போட்டுச் சாப்பாடு வந்தது. ஆஸ்பத்திரியில் என்ன சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். சூப்பும் பிரெட்டும் என்று எல்லோருக்கும் சொன்னேன். கூட்டத்தை முன்நின்று நடத்தும் அண்ணன் தன் முதுகுவலிக்குக் கட்டியிருந்த இடுப்பு பெல்ட்டைக் கழற்றியே கொடுத்தார். இவர் வீடு திரும்பியதும் எல்லோரும் வந்து இவர் முதுகில் கைவைத்தார்கள். ஒவ்வொரு எலும்பையும் தொடும்படி ஆண்டவரிடம் அண்ணன் அழுது கேட்டார்.

அன்றோடு இவர் கூட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டார். "தப்பான எடத்துல கை வச்சு ஜெபம் பண்றாங்க. பாக்கப் பாவமா இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வேலை, வீடு, மறுபடி வேலை. பேச்சுக்கு ஓர் ஆள் கிடையாது. இவர் இப்படியே மனிதர்களை விட்டு ஒதுங்கிப்போய்விடுவாரோ என்பதுதான் எனக்கிருந்த பயம். மாதங்கள் கழித்து அண்ணன் வீட்டில் கூட்டம் என்றபோது, வருகிறேன் என்றார். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எழுந்தால் போதும் என்று நினைத்தேன்.

சாப்பிட்டதும் ஆண்கள் மாடியில் இருந்த கேம் ரூமுக்குப் போனார்கள். அண்ணனின் மகள் ரிச்சர்ட்சனில் காலேஜ் படிக்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள். பெரிய டிவியில் ஏதோ திகில் கேம் ஆடிக்கொண்டிருந்தாள். நான் டீ எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். விபத்தில் தங்கையை இழந்த ஒருத்தி, பாழடைந்த மனநல ஆஸ்பத்திரிக்குள் அவளைத் தேடி அலைகிறாள். சுவரில் ரத்தம் வடிகிறது. முகம் தைக்கப்பட்ட நோயாளிகள் துரத்துகிறார்கள். திரை ஓரத்தில் ஒரு விளக்கு அவள் புத்தி எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிறது. மாத்திரை போட்டால் உருவங்கள் மறைந்துவிடும்.

"இப்பதான் கீழ ஜெபம் பண்ணோம், நீ மேல பேய கூட்டிட்டு வந்திருக்க" என்றார் அண்ணன்.

"இட்ஸ் நாட் பேய், டாட். இட்ஸ் ட்ராமா. மனசுல பட்ட அடி."

"எதுவோ. அந்த மாதிரி ஆஸ்பத்திரிக்குள்ள போனா, நல்லா இருக்கறவனும் திரும்பி வரமாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்படியெல்லாம் இருக்காது அண்ணே" என்றார் இவர். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலையை விளக்குகிற குரல். "சுவரு வெளிர் மஞ்சளா இருக்கும். ஷூ லேஸ வாங்கி வச்சிருவாங்க. டிவில நாள் பூரா சமையல் ப்ரோக்ராம். பயமா இருக்காது. போர் அடிக்கும்."

திரையில் ஏதோ கதவைத் தட்டும் சத்தம் ஆரம்பித்து, பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது.

"இந்தச் சத்தம் மட்டும் கரெக்டும்மா" என்று இவர் அந்தப் பெண்ணிடம் சொன்னார். "எனக்கு அந்த பிரேக் சத்தம் இப்படித்தான் கிட்ட கிட்ட வரும். நீ ஓடாத. நின்னுடு. அது வந்துட்டுப் போயிடும்."

அவள் நின்றாள். உருவம் வந்து கேமில் இருந்தவளைக் கொன்றது. திரை சிவப்பானது.

"இட் டஸன்ட் ஒர்க், அங்கிள்."

"இதுல ஒர்க் ஆகாது போல. எனக்கு அங்க அதத்தான் சொல்லிக் குடுத்தாங்க."

அண்ணன் இவர் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அப்போ முதுகு?"

"முதுகுக்கு ஒண்ணுமில்ல அண்ணே. முன்னாடியும் ஒண்ணுமில்ல."

ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். இன்னொருவர் டீ நன்றாக இருக்கிறது என்றார். அவர் இன்னும் குடிக்கவே இல்லை. வீடு திரும்பும்போது வழக்கம்போல ஃப்ரீவேயைத் தவிர்த்து உள்ரோடுகளிலேயே இவர் வண்டி ஓட்டி வந்தார்.

அந்த கேமைப் பற்றிப் பிறகும் யோசித்திருக்கிறேன். செய்தவர்களுக்குச் சத்தம் தெரிந்திருக்கிறது, இடம் தெரியவில்லை. இவருக்கு மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆனது. முதலில் நாக்கு வறண்டதுதான் மிச்சம். கேமில் நோயாளி என்றால் பயப்பட வேண்டிய ஆள். எங்கள் வீட்டில் பயந்துகொண்டிருந்ததே நோயாளிதான்.

மறுநாள் காலையில் அண்ணன் வந்து நின்றார். பெல்ட் வேண்டுமாம். சாக்கு இல்லை, உண்மையிலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடந்தார். பெல்ட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். காபி குடித்தார். நேற்றைய பேச்சை எடுக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் இருந்து வந்த யாரிடமும் கேட்பதைப்போலக் கேட்டார்:

"அங்க என்ன சாப்பாடு குடுத்தாங்க?"

இவரிடம் அதை அதுவரை யாரும் கேட்டதில்லை. காலை டிபனில் இருந்து ஆரம்பித்தார். பொடியில் செய்த முட்டை, பிளாஸ்டிக் ஸ்பூன், தன் ஜெல்லியைத் தினமும் இவர் தட்டில் வைத்துவிடுகிற பக்கத்துக் கட்டில்காரர். அண்ணன் நடுநடுவே, உப்பாவது போடுவார்களா, தயிர் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கே பேச்சு இன்னும் வந்து சேரவில்லை. நான் குக்கரில் இன்னொரு கப் அரிசி போட்டேன்.