ஒரே மாதத்தில் வந்த மறதி

நாங்கள் நல்லூரில் குடியிருக்கிறோம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். இது சில வருடங்களுக்கு முன்பு நடந்தது.

எழுபது வயதான என் மாமனாருக்குத் திடீரென மறதி வந்தது. சாப்பிட்டதை மறந்தார். ஒருநாள் என்னையே பார்த்து, "யாருங்க நீங்க?" என்றார். வயதாகிவிட்டது என்று நாங்களும் மனதைத் தேற்றிக்கொண்டோம்.

அந்தச் சமயத்தில்தான், முதியவர்களின் ஞாபகசக்தி பற்றி வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தார். மாமனாரால் அன்றைய கிழமையைக்கூடச் சொல்ல முடியவில்லை.

"எவ்வளவு நாளா இப்படி இருக்காருங்க?" என்று என்னிடம் கேட்டார் அந்தப் பெண்.

"ஒரு மாசமாத்தானுங்க. அதுக்கு முன்னால மார்க்கெட்டுக்கெல்லாம் மாமாதான் போயிட்டு வருவாருங்க."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "வயசால வர்ற மறதி இவ்வளவு வேகமா முத்தாதுங்க. எங்கயாச்சும் விழுந்தாருங்களா?"

இரண்டு மாதங்களுக்கு முன்பு மாமனார் மொபெட்டிலிருந்து சறுக்கி விழுந்தது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. காயமே இல்லாததால் அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இன்னைக்கே தலையை ஸ்கேன் பண்ணிப் பாருங்க" என்றார்.

கோவைக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்ததில், மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கசிந்து மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. உடனே ஆபரேஷன் செய்தார்கள். மறுநாள் நான் வார்டுக்குள் போனதும் மாமனார், "ஏங்கண்ணு சுமதி, கம்பெனிக்கு லீவு போட்டுட்டயா?" என்றார். வராண்டாவுக்கு ஓடிவந்து, அத்தனை பேர் முன்னால் என் கணவரைக் கட்டிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் யாராவது "வயசாயிருச்சு, அதான் மறதி" என்றால் நான் விடுவதில்லை. எப்போதிலிருந்து இப்படி, எங்கேயாவது விழுந்தாரா என்று கேட்ட பிறகுதான் மற்ற பேச்சு.