உறைக்குள் எண்பத்து மூன்று

என் அண்ணன் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்க்கிறார். காதுக் கவசம் போடமாட்டார். எந்த பேரிங் தேய்கிறது என்பதை அவர் வெறும் காதால்தான் கண்டுபிடிப்பார். அங்கே எல்லோருக்கும் அது பழக்கம்.

போன மழைக்காலம் தொடங்கும்போது, டிவியை அவர் மிகச் சத்தமாக வைப்பதாக அண்ணி சொன்னார். எனக்கு மென்பொருள் வேலை. சத்தத்தை அளக்கும் செயலி ஒன்றை எழுதி அண்ணன் போனில் போட்டேன். எண்பத்தைந்து டெசிபெல்லைத் தாண்டினால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை.

"சிவப்பு வந்தா கவசம் போடணும்ணா."

"பச்சை வந்தா?"

"உங்க இஷ்டம்."

"பக்கா, தங்கச்சி? அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

மைக் சத்தத்தின் உண்மை அளவைத் தருவதில்லை. தன் உச்சவரம்புக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அசல் மீட்டரோடு ஒப்பிட்டு, அந்த வித்தியாசத்தை நாம் கூட்ட வேண்டும். மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த ஓர் எஞ்சினியரிடம் மீட்டரை ஒரு பகலுக்கு இரவல் வாங்கினேன். சமையலறையில் மிக்ஸியை ஓடவிட்டு, மீட்டரையும் போனையும் அருகருகே வைத்தேன். இரண்டும் எண்பத்தெட்டு காட்டும்வரை திருத்தினேன்.

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் ஃபீனிக்ஸ் பே துறையில் கப்பலைக் கட்டி நிறுத்தியதும் அண்ணனிடமிருந்து திரையின் படம் வரும். எண்பத்து மூன்று. எண்பத்திரண்டு. எண்பத்து மூன்று. எல்லாம் பச்சை.

"உன் மிக்ஸிதான் கத்துது. என் எஞ்சின் ஏக்தம் ஷாந்த், சத்தமே இல்ல" என்று போனில் சிரித்தார். நானும் சிரித்தேன். டீசல் எஞ்சின் மிக்ஸியைவிட எப்படி அமைதியாக இருக்கும் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மழை ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். மேசைமேல் அவர் போன் இருந்தது. முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை, அதற்கு மேல் தண்ணீர் புகாத உறை. உப்புத் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் பயந்து கப்பலில் எல்லோரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

மிக்ஸி வைத்து அளந்த அன்று அந்த இரண்டையும் கழற்றியது நான்தான். வேலை முடிந்ததும் திரும்பச் சுற்றிக் கொடுத்ததும் நான்தான்.

அண்ணியின் மிக்ஸியை ஓடவிட்டேன். வெறும் போனில் எண்பத்தெட்டு. பைக்கும் உறைக்கும் உள்ளே எழுபத்தேழு. பதினொன்று குறைவு. எஞ்சின் ரூமின் எண்பத்து மூன்றோடு அதைக் கூட்டினேன்.

"எவ்வளவு வருது?"

"தொண்ணூத்து நாலு. சுமாரா."

"அரே, காது நல்லாத்தான் இருக்கு. வேணும்னா டெஸ்ட் பண்ணிக்கோ. கேட்டதும் கை தூக்கறேன்."

எனக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து நின்றார். மடிக்கணினியில் கீச்சென்ற ஒலி ஒன்றைப் போட்டேன். கை எழவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். அடுப்படியில் அண்ணி முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா, இன்னும் போடலையா?" என்றார் அண்ணன்.