அப்பாவுக்குப் போட்ட குழாய்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால், குழாய் உடைப்பது என்பேன். இதய சிகிச்சைக்கான கதீட்டர் தயாரிக்கும் கம்பெனியில், பெங்களூரில் இருக்கிறேன். மணிக்கட்டில் சின்னத் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாக இதயத்தின் வாசல்வரை தள்ளிக்கொண்டு போகிற மெல்லிய நீளக் குழாய்தான் கதீட்டர். அதன் நுனி ஒரு குறிப்பிட்ட விதமாக வளைந்திருந்தால்தான் அந்த வாசலில் நழுவாமல் நிற்கும். அந்த வளைவை வரைந்தது நான். வரைவது கொஞ்ச நாள் வேலை. பிறகு மாதக்கணக்கில் உடைப்போம். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, அறும்வரை மறுமுனையைத் திருகுவோம். மடங்கும்வரை வளைப்போம். பிய்யும்வரை இழுப்போம். எங்கே உடைகிறது என்று தெரிந்தால்தான் எதுவரை தாங்கும் என்று சொல்ல முடியும்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து நடந்துகொண்டே அந்தமானில், போர்ட் பிளேரில் இருக்கும் அப்பாவுக்கு போன் செய்வேன். "இன்னைக்கும் போச்சுப்பா, நுனியே தனியா கழண்டு வந்துருச்சு" என்று ஆரம்பிப்பேன். அப்பா தீவுகளுக்கு இடையே ஓடும் அரசாங்கப் படகுகளில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹோஸ், பைப், வால்வு எல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனால் இந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். "அச்சா" என்பார்; தீவில் எங்கள் தமிழில் இந்தி கலந்துதான் வரும். "அப்புறம்?" என்பார். உடைந்த கதையைத்தான் தினமும் சொன்னேன். தாங்கிய குழாயைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? தாங்கியது, அவ்வளவுதான்.

போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, கொஞ்சம் தேறியதும் மெயின்லேண்டுக்கு ரெஃபர் செய்தார்கள். சென்னைக்குப் போய்க் கதீட்டர் விட்டு அடைப்பை எடுக்க வேண்டும், நாள் கடத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அம்மா எனக்கு போன் செய்தாள். "யார் சொல்லியும் கேக்க மாட்டேங்கறார். நீ வந்து சொல்லுடி. உன் வேலைதானே இது."

விமானத்தில் எனக்குக் கவலையோடு கொஞ்சம் கர்வமும் இருந்தது. இதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, கொண்டுபோயிருந்த சாம்பிள் குழாயை அவர் கையில் கொடுத்து, வகுப்பெடுத்தேன். அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"உள்ள போய் உடையாதா?"

எங்கள் ஆபீசில் யாரும் "உடையாது" என்று சொல்வதில்லை. அப்படிச் சொல்கிறவனுக்கு வேலை தெரியாது என்று அர்த்தம். வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது: "சான்ஸ் ரொம்பக் கம்மிப்பா."

அப்பா குழாயை மேஜைமேல் வைத்தார்.

"நான் சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு நாளாவது வீட்ல எஞ்சின் கோளாறு பேசியிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூட இல்லை.

"எங்க ஸ்டாஃப் யாருமே பேச மாட்டோம். கரைக்கு வந்தா எஞ்சின் பேச்சு பந்த். ஏன்னா வீட்ல இருக்கறவங்கதான் அந்த போட்ல ஏறிப் போகணும். நீ தினம் சாயங்காலம் உடைஞ்சுது, கழண்டுதுன்னு சொன்னே. இப்ப அதையே என் கைக்குள்ள விடுங்கறே."

நாங்கள் வேண்டுமென்றேதான் உடைக்கிறோம் என்று விளக்கினேன். "ஹோஸ் தாங்குமான்னு எவனாவது அறுத்துப் பாப்பானா?" என்றார். அம்மா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பயந்தது நோய்க்கு இல்லை, என் வாய்க்கு. அது புரிந்தபோது எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை அவராகவே வந்தார். "சரி, போலாம். ஆனா உன்னோடது வேண்டாம்மா. வேற கம்பெனியோடது போடச் சொல்லு." கோபமே இல்லாமல், பிள்ளை சமைத்த உப்புக் கரிக்கும் குழம்பை நகர்த்தி வைப்பதுபோல் சொன்னார். செய்கிறேன் என்றேன்.

சென்னையில் அதைச் சொல்லத்தான் டாக்டரின் அறைக்குள் போனேன். எங்கே, என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவரே கேட்டார். சொன்னேன். "அப்படியா! இங்க நாங்க உங்க கதீட்டரைத்தான் யூஸ் பண்றோம். அப்பாவுக்கும் அதையே போட்டுடலாம்" என்று முகமெல்லாம் சிரிப்பானார். அவரிடம் எப்படிச் சொல்வது, என்னைப் பெற்றவருக்கே நான் செய்ததில் நம்பிக்கை இல்லை என்று? தேங்க்ஸ் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

"சொல்லிட்டியா?" என்றார் அப்பா.

"சொல்லிட்டேன்ப்பா."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் வெளியே வந்து, "உங்க வளைவு கச்சிதமா உக்காந்துச்சு" என்றார். வேறொரு நாளாக இருந்தால் ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன். அன்று, "அப்பாகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை.

ஊர் திரும்பியதும் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அப்பா சட்டைக் கையை மடித்து மணிக்கட்டைக் காட்டினார். தழும்பே தெரியாத ஒரு புள்ளி. "தேக்கோ, இவ்ளோதான். ஃபர்ஸ்ட் கிளாஸ் மால்." நான் டீ கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஒருநாள் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் வந்தார். அப்பாவுக்கு நாள்பட்ட சிநேகிதர். அவருக்கும் அடைப்பு, அவரையும் மெயின்லேண்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"உங்களுக்குப் போட்டது பொண்ணு செஞ்சதாண்ணே?" என்று கேட்டார்.

அப்பா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "இல்ல பாய், வேற கம்பெனி. இவளோடது இதைவிட நல்லா இருக்கும். அன்னைக்கு ஸ்டாக் இல்லைன்னுட்டாங்க."

"அப்ப எனக்கு உன்னோடதையே போடச் சொல்லு பேட்டி" என்றார் பாய். "சொல்றேன் சாச்சா" என்றேன். வேறென்ன சொல்ல?

அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்த அப்பா, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாய்க்கு உன்னோடது வேண்டாம்மா. மூணும் பொம்பளைப் பிள்ளைங்க அவருக்கு. டாக்டர்கிட்ட எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லிடு" என்றார். என் மானத்தையும் காப்பாற்றி, சிநேகிதரின் உயிரையும் காப்பாற்ற அவர் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை.

"அப்பா, நான் டாக்டர்கிட்ட எதுவும் சொல்லலை. உங்களுக்குப் போட்டது என்னோடதுதான்."

அவர் மணிக்கட்டைப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"அப்ப ஸ்டாக் இருந்துச்சா" என்றார்.

மடித்துவிட்டிருந்த கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பாய்க்கு அவரே போன் செய்து, தைரியமாகப் போய் வரச் சொன்னார், என் குழாயையே போட்டுக்கொள்ளவும் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு பார்க்க வந்த யாருக்கும் அவர் மணிக்கட்டைக் காட்டவில்லை.