குளிசை மாற்றியும் திரும்பி வந்த இரைச்சல்

பேய், பிசாசு, சகுனம் என்று எதிலும் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் இந்த மனுசனுக்கு வயது போய் மூளை குழம்பிவிட்டது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். பஸ் ஓட்டிப் பிழைத்தவன் நான். சுடலைக்குப் பக்கத்தில் பஸ் பழுதாகி நின்றபோதெல்லாம் அதற்குள்ளேயே படுத்து நித்திரை கொண்டிருக்கிறேன்.

காங்கேசன்துறைப் பக்கம் எங்கள் காணி நெடுங்காலம் இராணுவத்தின் கையில் இருந்தது. அதை விடுவித்து, வெடிபொருள் எல்லாம் தேடி எடுத்தாயிற்று என்று சொன்ன பிறகுதான் நாங்கள் உள்ளே கால் வைத்தோம். நாங்கள் என்றால் நானும் மனைவி மங்களமும்தான், பிள்ளைகள் வெளிநாட்டில். பற்றை வெட்டி, வீடு எழுப்பி, கூரை போட்டு, குசினி நிலத்துக்குச் சீமெந்தும் இழுத்து முடித்து நாங்கள் குடிவந்த நேரத்தில் எனக்குப் பிரஷர் இருக்கிறதென்று கண்டுபிடித்துக் குளிசை தந்தார்கள்.

குளிசை தொடங்கிக் கொஞ்ச நாளில் இடது காதுக்குள் ஒரு இரைச்சல் வந்தது. மெல்லிய கம்பி ஒன்றை யாரோ விடாமல் உரசிக்கொண்டிருப்பது போல இருந்தது. வெளியிலிருந்து வருகிறதாக்கும் என்று மின்விசிறியை நிறுத்தினேன், பிரிட்ஜை நிறுத்தினேன், மங்களம் திட்டினாள். கடைசியில் கிளினிக்கில் போய்ச் சொன்னேன். டொக்டர் ஒரு இளம் பிள்ளை, காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஐயா, சில பிரஷர் குளிசையளாலையும் காது இரையலாம், பிரஷர் கூடினாலும் இரையலாம். வேறை குளிசை மாத்தித் தாறன். ஆனா நீங்களா ஒருநாளும் குளிசையை நிப்பாட்டிப் போடாதேங்கோ."

மாற்றிய பிறகு இரைச்சல் மெல்ல மெல்லத் தேய்ந்து இல்லாமலே போய்விட்டது. அதோடு என் பாடு முடிந்திருக்க வேண்டும்.

பின்வளவில் மலசலகூடக் குழிக்கு இடம் குறிக்கப் போன காலையில்தான் அது திரும்ப வந்தது. நம்பினால் நம்புங்கள், ஒரு இடத்தில் கால் வைத்தேன், காதுக்குள் சுவிட்ச் போட்டது போல இரைந்தது. பின்னுக்கு வந்தேன், நின்றுவிட்டது. முன்னுக்குப் போனேன், இரைந்தது. வெயில் ஏறும்வரை முன்னுக்கும் பின்னுக்கும் நடந்துகொண்டிருந்தேன். பிரஷரும் பார்த்தேன், சரியாகவே இருந்தது. குழியை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால் கிணற்றுக்கு எட்டத்தில் அந்த ஒரு இடம்தான் தோது. காது இரைகிறது, இங்கே வெட்டாதே என்று யாரிடம் போய்ச் சொல்வது? மங்களத்திடமும் சொல்லவில்லை.

அச்சுவேலியிலிருந்து நேசன் என்பவர் குழி தோண்டப் பெக்கோ இயந்திரம் கொண்டுவந்தார். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், கலகலப்பான ஆள். இயந்திரம் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கதைப்பதே கேட்காது. ஆனால் அந்தச் சத்தத்துக்குள்ளும் எனக்கு அந்த இரைச்சல் கேட்டது. வாளி மண்ணில் இறங்க இறங்க அது கூர்ப்பட்டுக்கொண்டே போய்ப் பல்லெல்லாம் கூசியது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே ஓடிப்போய் அரைவாசி வெட்டிய குழிக்குள் இறங்கி வாளிக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

நேசன் இயந்திரத்தை நிறுத்தினார். "என்னண்ணை, சாகப் போறியளோ?"

"இதிலை வெட்ட வேண்டாம் தம்பி."

"ஏன்?"

அப்படியே மண்ணில் குந்திவிட்டேன்.

மங்களம் ஓடிவந்தாள். "குளிசை போட்டனீங்களே? நேசன் தம்பி, இவருக்குத் தலைச்சுத்துப் போலை, கொஞ்சம் தூக்கிவிடுங்கோ, பிறகு வெட்டலாம்."

நேசன் அலுத்துக்கொண்டுதான் இறங்கி வந்தார். என் தோளைப் பிடித்தவர் கீழே பார்த்தார், பார்த்தபடியே நின்றார். என் இரண்டு பாதங்களுக்கும் நடுவில், வாளி சுரண்டிவிட்ட மண்ணில், துருப்பிடித்த இரும்பு உருண்டையாகத் தெரிந்தது.

"அண்ணை," என்றார் மிக மெதுவாக, "காலைப் பாத்து எடுங்கோ."

பொலிசுக்கு அறிவித்தோம், அதற்கான ஆட்கள் வந்து எடுத்தார்கள். வெடிக்காத ஷெல். வாளியின் பல் அதன் உடம்பில் புதிதாகக் கீறியிருந்ததைக் காட்டினார்கள். தூரக் கொண்டுபோய் வெடிக்க வைத்தபோது எங்கள் யன்னல்கள் அதிர்ந்தன. மங்களம் நேசனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று போகும்போது கேட்டார். தெரியாது, தலைசுற்றியது என்றேன்.

எல்லோரும் போன பிறகு அந்தக் குழியடியில் போய் நின்றேன். காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை. டொக்டர் பிள்ளையிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். "உது தற்செயல் ஐயா," என்றார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். பிறகு நடந்தது நடந்திராவிட்டால் அப்படியே வைத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

போன மாரி முடிந்த கையோடு ஒரு காலை, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மங்களம் கையை நிறுத்தினாள்.

"இஞ்சருங்கோ, இஞ்சை ஏதோ இரையுது. உங்களுக்குக் கேக்குதே?"

நான் போய் அவள் இருந்த மூலையில் நின்றேன். ஒன்றுமே கேட்கவில்லை. அவள் எழும்பி வாசலுக்குப் போனாள். "இதிலை இல்லை. அந்த மூலையிலைதான்."

காணியில் நான் கேட்டதை அவளுக்கு அன்றுவரை சொன்னதே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிரஷர் பார்த்தேன், காது பார்த்தேன், எல்லாம் சுகம். பிரஷர் குளிசை அவள் வாயில் வைத்ததே கிடையாது. வெடிபொருள் தேடுகிற ஆட்களையும் கூப்பிட்டேன். சீமெந்துக்குள் கம்பி போட்டிருக்கிறது, அதனால் கருவி குசினி முழுக்கக் கத்தியது. நிலத்தை உடைக்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்று போய்விட்டார்கள். உடைப்பதென்றால் சம்மட்டியால் அடித்துத்தானே உடைக்க வேண்டும், அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

மங்களம் இப்போது வெளியில் தகரம் போட்டுச் சமைக்கிறாள். நேற்று உப்புப் போத்தல் எடுக்கக் குசினிக்குள் போனவள் அதை எடுக்காமலே திரும்பி வந்தாள்.

"முந்தி விட்டு விட்டுத்தான் இரைஞ்சது," என்றாள். "இப்ப விடாமல் இரையுது."

நான் போய் அந்த மூலையில் சீமெந்தோடு காதை வைத்துப் படுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.