இரண்டு மலை, ஓர் ஆறு

எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியரின் காதோரம் எப்போதும் கொஞ்சம் பெயிண்ட் ஒட்டியிருக்கும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு நானும் அவரும் ஒரே பஸ்ஸில்தான் வேலைக்குப் போவோம். வழியெல்லாம் கருவேலங்காடு. டிக்கெட்டின் பின்பக்கம் அதையே முள் முள்ளாக வரைந்துகொண்டு வருவார். கண்ணால் பார்க்காத எதையும் வரைய மாட்டார்.

பிள்ளைகள் வரைவதோ இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே நிறைந்தோடும் ஆறு. அத்தனைக்கும் 'நன்று' போடுவார். கணக்கு வாத்தியாரான எனக்கு அது பொறுக்கவில்லை.

"இல்லாத ஆத்தை வரையுதுக. அதுக்கும் நன்றுன்னு போடுறீகளே சார்?"

"கருவேலத்தத்தான் தெனம் பாக்குதுகளே சார். தண்ணிய பேப்பர்லயாவது பாக்கட்டும்."

தான் ஓய்வு பெற்ற அன்று எனக்கொரு படம் தந்தார். நாங்கள் தினமும் கடந்த குண்டாற்றுப் பாலம். கரையில் கருவேலம், ஒரு முள் தப்பவில்லை. பாலத்துக்கடியில் மணல்தான் கிடக்கும். அவரோ பிள்ளைகள் தீட்டும் அதே நீலத்தைக் கரை தொட ஓடவிட்டிருந்தார்.

"பாக்காததை வரைய மாட்டீகளே சார்?" என்றேன்.

"முப்பது வருசமா பிள்ளைக நோட்டுல பாத்துக்கிட்டுத்தான சார் இருக்கேன்."

வீட்டுக்கு வந்ததும் படத்தின் மூலையில் சிவப்பு மையால் 'நன்று' என்று போட்டேன்.