ரேடியோக்காரனின் இரண்டாவது விமானம்

ரேடியோ ரிப்பேர் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: பேசாத ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் நன்றாகப் பேசுகிறவர்களாக இருப்பார்கள்.

திருவண்ணாமலையில் தேரடிப் பக்கம் கடை போட்டு அப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் பல வருஷம் உட்கார்ந்திருந்தேன். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எண்பதுகளின் நடுவில் எனக்கு இன்னொரு வியாதியும் வந்து சேர்ந்தது. தரையில் நின்றபடி ரேடியோ அலையால் ஓட்டுகிற குட்டி விமானம். இந்த வியாதி உள்ளவர்களுக்குத் தெரியும், முதல் விமானம் ஒன்றும் செய்யாது. அடுத்தது எதை எடுப்பது என்ற யோசனைதான் ஆளைச் சாப்பிட விடாது. இதைப் படிக்கிறவர்களில் சக வியாதிக்காரர்கள் இருந்தால் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

மௌனத்தில் நடந்த வகுப்பு

முதல் விமானம் என்னுடையது அல்ல. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு ஹாலந்துக்காரருடையது. டேப் ரிக்கார்டரை ரிப்பேருக்குக் கொண்டுவந்தவர், என் வேலை பிடித்துப்போய் மறுநாள் விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரையும் கொண்டுவந்தார். ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. பற்றவைத்துக் கொடுத்து, கூலிக்குப் பதிலாக ஓட்டக் கற்றுத் தரும்படி கேட்டேன். சந்தோஷமாகச் சம்மதித்தார். சம்மதித்த மறு வாரமே நாற்பது நாள் மௌன விரதம் ஆரம்பித்துவிட்டார்.

மழை பொய்த்த வருஷம், வேங்கிக்கால் ஏரி வற்றிக் கிடந்தது. அங்கேதான் வகுப்பு. அவர் மூக்கைத் தொட்டால் விமானத்தை மேலே தூக்க வேண்டும், காதைத் தொட்டால் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். விமானத்தைப் பார்ப்பதா, அவர் மூக்கைப் பார்ப்பதா என்பதுதான் என் கஷ்டம். முப்பத்தெட்டாம் நாள் நான் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் விமானம் தலைகுப்புற இறங்கியது. "இழு" என்று அவர் போட்ட சத்தத்தில் கரையில் மேய்ந்த மாடுகள் திரும்பிப் பார்த்தன. கையிலிருந்த பெட்டியின் குச்சியை இழுத்தேன். தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் விமானம் நிமிர்ந்தது. நான் குதித்த குதி எனக்கே தெரியாது. அவர் மட்டும் ஏரி மண்ணில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "இன்னும் ரெண்டே நாள்தான் பாக்கி இருந்தது."

வாரம் ஒரு பாட்டில்

ஹாலந்துக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விமானம், கையில் பிடிக்கும் கன்ட்ரோல் பெட்டி, ரிசீவர், எஞ்சின், நாலைந்து விமானப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் என்னிடமே விட்டுவிட்டுப் போனார். இவை கூடவே இருந்தால் மனசு தியானத்தில் உட்காரமாட்டேன் என்கிறதாம். ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியும் ரிசீவரும் சேர்ந்த அந்த மாதிரி செட் மெட்ராஸ் முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. இருப்பது ஒரே செட். வேறு விமானம் கட்டினால் பழையதிலிருந்து செட்டையும் எஞ்சினையும் கழற்றித்தான் புதியதில் வைக்க வேண்டும். புதியது விழுந்து செட் நொறுங்கினால் நான் பழையபடி வெறும் ரேடியோக்காரன்.

அந்தக் குட்டி எஞ்சினுக்கு மண்ணெண்ணெய், ஈதர், விளக்கெண்ணெய் மூன்றும் சம பங்காகக் கலந்து ஊற்ற வேண்டும். விளக்கெண்ணெயை எதிர் வரிசை மளிகைக் கடையில் வாரத்துக்கு ஒரு பாட்டில் வாங்கினேன். மூன்று வாரம் கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது வாரம் வீட்டில் எத்தனை பேர் என்று விசாரித்தார். ஐந்து பேர் என்றேன். என்னை இரக்கத்தோடு பார்த்தார். ஆறாவது வாரம் எனக்கே மானம் போகிற மாதிரி இருந்ததால், எஞ்சின், விமானம், ஏரி எல்லாவற்றையும் கால் மணி நேரம் நின்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பாட்டிலை மூடிக் கையில் கொடுத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "அது சரிங்க மெக்கானிக்கு. எதுக்கும் வீட்ல கீரை கொஞ்சம் ஜாஸ்தி சேத்துக்கச் சொல்லுங்க."

எல்லோரிடமும் கேட்ட யோசனை

பயிற்சி விமானத்துக்கு இறக்கை உடம்பின் மேலே இருக்கும், இரண்டு முனையும் சற்றே தூக்கலாக. என்ன தப்பு செய்தாலும் குச்சியை விட்டுவிட்டால் தானே நிமிர்ந்து சமநிலைக்கு வந்துவிடும். பசு மாதிரி சாது. ஆறு மாதத்தில் எனக்கு அது அலுத்துவிட்டது. அடுத்து என்ன என்று பத்திரிகையைப் புரட்டினால் நாலு வழி. நீள இறக்கையோடு எஞ்சினே இல்லாமல் மிதக்கும் கிளைடர். இறக்கையைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்த, ஆனால் அதுவும் சாதுவான விமானம். இரட்டை இறக்கை விமானம். நாலாவது, உலக யுத்தத்துச் சண்டை விமானம். இறக்கை அடியில், கூர் மூக்கு, கண்ணை எடுக்க முடியவில்லை. பயிற்சி முடித்தவுடன் இதை மட்டும் தொடாதீர்கள், இது தானாக நிமிராது, கடைசியாக என்ன சொன்னீர்களோ அதையே செய்துகொண்டு போகும் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து டிராயரில் போட்டுவிட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் யோசனை கேட்க ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள், நீங்களும் இதைச் செய்தவர்கள்தான்.

வால்யூம் கன்ட்ரோல் மாற்ற வந்த வாத்தியார் இரட்டை இறக்கைதான் நல்லது என்றார். ஒன்று உடைந்தாலும் இன்னொன்று இருக்குமாம். பூக்கடைக்காரர் கிளைடருக்கு ஓட்டுப் போட்டார்; விளக்கெண்ணெய் விஷயம் அவர் வரைக்கும் போயிருந்தது. வேலூர் பஸ்ஸின் டிரைவர் ஒருவர் டிரான்சிஸ்டரை வாங்கிப்போக வந்தார். அவர் ஒருவர்தான் உருப்படியாகக் கேள்வி கேட்டார். சண்டை விமானம் எவ்வளவு வேகம் போகும்? பழையதைப் போல இரண்டு மடங்கு என்று பெருமையாகச் சொன்னேன். பிரேக் உண்டா? இல்லை என்றேன். டிரான்சிஸ்டரைக் காதில் வைத்து ஸ்டேஷன் எடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்: "டவுன் பஸ் ஓட்டினவன் எக்ஸ்பிரஸ் ஓட்டிடலாம் சார், அது ஒண்ணுமில்ல. எங்க நிறுத்துவீங்க, அதைச் சொல்லுங்க."

நயினாரின் நிபந்தனை

கடையில் செம்புக் கம்பிக் காயில் சுற்றுவதும் மரப்பெட்டி வேலையும் தன்யகுமார் நயினார் பொறுப்பு. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பக்கத்துக் கிராமத்தில் பல தலைமுறையாகப் பயிர் செய்யும் சமணக் குடும்பம். எறும்பு குடியிருக்கும் ரேடியோ ரிப்பேருக்கு வந்தால் வாசலில் வைத்து மெல்லத் தட்டிக்கொண்டே இருப்பார். கடைசி எறும்பு இறங்கிப் போகும் வரை ஸ்க்ரூ டிரைவரைத் தொட மாட்டார். ரேடியோவின் சொந்தக்காரரும் கூடவே குந்தியிருந்து எறும்பை எண்ண வேண்டியதுதான். பொழுது சாய்ந்த பிறகு அவர் சாப்பிடுவதில்லை. காற்று அடங்கி விமானம் விடத் தோதான நேரமும் சாயங்காலம்தான். அதனால் ஏரிக்கு வரும் நாளில் டிபன் கேரியரோடு வந்துவிடுவார். ஒரு கண் சூரியன் மேல், ஒரு கண் விமானத்தின் மேல் வைத்துச் சாப்பிடுவார்.

டிவி வந்த புதிது. பெட்டிகளில் வரும் தெர்மோகோல் எங்கள் பரணில் குவிந்து கிடந்தது. அதைச் சூடான கம்பியால் அறுத்து இறக்கை செய்ய அவரை விட்டால் ஆள் இல்லை. அவருக்குப் பிடித்திருந்தது இரண்டாவது சொன்ன சாது விமானம். இருக்கிற ஒரே செட்டை வைத்துச் சூதாடக் கூடாது என்றார். நான் கேட்கிற நிலையில் இல்லை. சண்டை விமானத்தின் படத்தை விரித்தேன். இறக்கையில் பக்கத்துக்கு நாலு குட்டி வட்டங்கள். அது என்ன என்று கேட்டார். துப்பாக்கி என்றேன். கம்பியைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு நாள் அதைத் தொடவில்லை. எட்டு வட்டத்தையும் நானே பிளேடால் சுரண்டி எடுத்த பிறகுதான் வேலை நடந்தது. எல்லாம் வெறும் பொம்மைதானே நயினாரே என்று அந்த இரண்டு நாளும் வாதாடிப் பார்த்தேன். அவர் திருப்பிக் கேட்டார்: "துப்பாக்கி பொம்மைதான், சரி. அதைப் பாத்து ஒருத்தன் பயந்தா, அந்தப் பயமும் பொம்மையா சம்பத்து?"

மஸ்தான் பாயின் மயில்

பழைய விமானத்தை வெறும் உடம்பாகக் கடை உத்தரத்தில் தொங்கவிட்டேன். செட்டும் எஞ்சினும் புதியதில் ஏறின. பெயின்ட் வேலையை, லாரிகளுக்கு அடிக்கும் மஸ்தான் பாயிடம் கொடுத்தேன். மேலே ஒரு நிறம், கீழே வேறு நிறம் அடிக்கும்படி பத்திரிகையில் எழுதியிருந்தது. அழகுக்குச் சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். இறக்கைக்கு ஒன்றாக மயில், துப்பாக்கி இருந்த இடத்தில் தாமரை, வாலில் பளிச்சென்று 'ஒலி எழுப்பவும்'. திருப்பிக் காட்டினார். அடியிலும் அதே மயில், அதே தாமரை, அதே மஞ்சள் கரை. ஒரு இறகு கூடக் குறையவில்லை. இவ்வளவு மெனக்கெட வேண்டுமா பாய் என்று கேட்டேன். கடமை தவறாத மனுஷர், கொஞ்சம் வருத்தப்பட்டார்: "கீழ நின்னு பாக்கறவனுக்கு வயிறுதாங்க தெரியும். முதுகுக்கும் வயித்துக்கும் வஞ்சனை பண்ணாம அடிச்சிருக்கேன்."

முதுகா, வயிறா?

முதல் ஓட்டத்துக்கு ஏரியில் மூன்று பேர்: நான், டிபன் கேரியரோடு நயினார், தன் மயில் பறப்பதைப் பார்க்க வந்த மஸ்தான் பாய். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நயினார் வாலை விட்டார். பத்து அடி ஓடியதும் விமானம் ஜிவ்வென்று கிளம்பியது பாருங்கள், அந்த நிமிஷம் நான் செய்தது எல்லாம் சரி என்று தோன்றியது. இரண்டு சுற்றுச் சுற்றினேன். அத்தோடு இறக்கியிருக்கலாம். புத்தி விடவில்லை. பழைய விமானத்தால் முடியாத ஒன்றைச் செய்து காட்ட ஆசைப்பட்டு ஒரு புரட்டுப் புரட்டினேன்.

புரண்டது. புரண்டு எந்தப் பக்கம் நின்றது என்று தெரியவில்லை. அண்ணாந்து பார்த்தால் மயில். மேல் மயிலா, கீழ் மயிலா? மேலே ஏற்ற இழுத்தேன், கீழே வந்தது. அப்படியானால் மல்லாந்து போகிறது. பதறிப்போய்த் தள்ளினேன், அதற்குள் அது புரண்டுவிட்டதால் மறுபடியும் கீழே வந்தது. கையை எடுத்தேன். அது நிமிரவில்லை, கடைசியாகச் சொன்னதையே செய்துகொண்டு எதிர்க்கரையைப் பார்த்துப் போனது. டிராயரில் மடித்துப் போட்ட பக்கம் எழுத்து எழுத்தாக ஞாபகம் வந்தது. தெரிவது முதுகா வயிறா என்று, அடித்தவரையே கேட்டேன். மஸ்தான் பாய் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். விமானம் கரையோரத்து மரங்களைத் தாண்டி இறங்கி மறைந்தது. எஞ்சின் சத்தமும் நின்றது. அவர் முகத்தில் கவலையைவிடப் பெருமைதான் கூட இருந்தது: "எனக்கே வித்தியாசம் தெரியலீங்க. வேலை அப்படி."

கூடைக்கு அடியில்

கன்ட்ரோல் பெட்டியைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். பக்கத்தில் எங்காவது கிடந்தால் உள்ளே இருக்கும் சின்ன மோட்டார்களின் சத்தமாவது கேட்காதா என்று, வழி முழுக்கக் குச்சியை ஆட்டிக்கொண்டே போனேன். மரத்துக்கு அந்தப் பக்கம், கீழ்பென்னாத்தூர் போகும் திசையில் கடலைக் கொல்லை. ஒரு அம்மா தனியாகச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். விமானம் விழுந்ததா, உடைந்துவிட்டதா என்று நான் மூச்சிரைக்கக் கேட்டேன். பின்னால் வந்த நயினார் கேட்டது வேறு. உங்கள் மேல் பட்டதா, ஆடு மாடு எதற்காவது அடியா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அது எனக்குத் தோன்றவே இல்லையே. ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு அந்த அம்மா வரப்போரம் கவிழ்த்திருந்த கூடையைக் காட்டினார்: "நாய் வந்து கடிச்சிடப் போவுதுன்னு மூடி வெச்சேன். உயிர் இருக்குதுங்க, இப்பகூட வாலை ஆட்டுச்சு."

கூடையை எடுத்தேன். ஒரு இறக்கை போயிருந்தது, மூக்கு மண்ணில் புதைந்திருந்தது. குச்சியை அசைத்தேன். 'ஒலி எழுப்பவும்' இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பியது. செட் பிழைத்துவிட்டது. அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. நயினார் வரப்பில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்தார். சூரியன் இன்னும் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது. பாதிச் சோற்றைத் தட்டில் போட்டு என் பக்கம் தள்ளினார். அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வரும் என்று தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டேன். வரவில்லை. கை கழுவிக்கொண்டு விமானத்தை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். "விழுந்ததுல ஒரு உயிருக்கும் அடி இல்ல. சண்டை விமானம்னா இப்படித்தான் இருக்கணும் சம்பத்து."

மறு வாரம் செட்டைக் கழற்றி உத்தரத்திலிருந்து இறக்கிய பழைய விமானத்திலேயே வைத்தேன். ஆகையால் யோசனை கேட்டு வரும் சக வியாதிக்காரர்களுக்கு நான் சொல்வது, இரண்டாவதாக எதை வேண்டுமானாலும் கட்டுங்கள், ஆனால் மூன்றாவதாக ஓட்டுவதற்கு முதல் விமானத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.